ஹிஷாம் காக்கா பார்க்காத நூறு வட்டம்

எங்கள் கரையோரத்தில் ஒருவரிடம் "வெளிநாட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டால், அவர் காதில் விழுவது சவூதி, கட்டார், குவைத். உழைக்கப் போவதற்குத்தான் இங்கே வெளிநாடு என்று பெயர். ஹஜ்ஜுக்குப் போனவர் மக்காவுக்குப் போனவர். ஜமாஅத்தில் போனவர் ஜமாஅத்தில் போனவர். அவர் விமானம் ஏறிக் கடல் தாண்டி, ஆபிரிக்காவில் நாலு மாதம் பள்ளிவாசல் பள்ளிவாசலாகத் தங்கி, மார்க்கம் பேசித் திரும்பியிருக்கலாம். ஆனாலும் அவரை வெளிநாடு போனவர் என்று யாரும் சொல்வதில்லை. அவரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளமாட்டார்.

நான் எழுதுவினைஞராக வேலை செய்த சுகாதாரப் பணிமனையில் இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். பக்கீர்த்தம்பி ஹிஷாம். மலேரியாப் பிரிவில் இரத்தம் பரிசோதிப்பவர். பணிமனையில் எல்லோருக்கும் அவர் அண்ணன் முறையில் ஹிஷாம் காக்கா. ஊரில் மலேரியாக்காரர்.

சாய்ந்தமருதில் பிறந்தவர். தகப்பன் கரைவலைத் தொழிலாளி. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்கு ஒன்பது புள்ளி போதாமல், தொண்ணூற்றிரண்டில் இந்த வேலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் மலேரியா இங்கே வீட்டுக்கு வீடு வந்துபோகும் காய்ச்சல். வயற்காலத்தில் மாவடிப்பள்ளியிலிருந்தும் அதற்கு அப்பால் குடியேற்றக் கிராமங்களிலிருந்தும் நாளொன்றுக்கு நூறு, நூற்றைம்பது கண்ணாடித் துண்டுகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு துளி இரத்தம். சாயமிட்டு, காய வைத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது ஒரு சிறு வட்டம். கண்ணாடியை அரக்கினால் அடுத்த வட்டம். நூறு வட்டம் பார்த்த பிறகுதான் "இல்லை" என்று எழுதலாம். அதுதான் விதி.

எண்ணிக்கை தவறாமல் இருக்க அவர் ஒரு சிறு இயந்திரம் வைத்திருந்தார். பள்ளிவாசல் வாசலில் தஸ்பீஹ் எண்ணுவதற்கென்று விற்பார்களே, விரலில் மாட்டி அமுக்குவது, அது. ஒரு வட்டம், ஒரு டிக். அறை வாசலைக் கடந்து போகும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பர்ஸான் தலையை நீட்டிக் கேட்பான்.

"என்ன காக்கா, தஸ்பீஹ் முடிஞ்சா?"

"இன்னும் அறுவது இரிக்கி. நீங்க போய் ஒங்கட நுளம்பப் புடிங்க."

"அது வேற நுளம்பு காக்கா. ஒங்கட நுளம்பு மௌத்தாகி எத்தின வருசம்."

கடிக்கும் நுளம்பு சாகவில்லை, செத்தது காய்ச்சல்தான். உள்ளூரில் மலேரியா கடைசியாகக் கண்டது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். பதினாறில் நாடே மலேரியா அற்றது என்று சான்றிதழ் கிடைத்தது. நோயைத் தேடித் தேடி ஒழித்தவர்கள் கொண்டாடப்பட வேண்டிய நாள். எங்கள் பணிமனையிலும் கேக் வெட்டினார்கள். டொக்டர்மார், பரிசோதகர்கள், மருத்துவ மாதுகள், சாரதிகள் எல்லோரும் சான்றிதழின் பிரதியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படம் எடுத்தவர் ஹிஷாம் காக்கா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விசயங்கள். முன்புறம் இருந்த அவருடைய அறை டெங்குப் பிரிவுக்குத் தேவைப்பட்டது. அவர் பின்னால் போனார். அங்கே உடைந்த குழந்தைத் தராசுகளும் பிரிக்காத துண்டுப்பிரசுரக் கட்டுகளும் கிடந்தன. டெங்கு வாரத்துக்குப் பணியாளர்களுக்கு ரீசேட் அடித்தார்கள். அளவு கேட்டுப் பட்டியல் எடுத்தவர் பின்னறை வரை வரவில்லை. வட்ஸ்அப் குழு தொடங்கியபோது அவர் இலக்கம் விடுபட்டது. யாரும் அவரை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் அவர் சண்டையாவது பிடித்திருப்பார். மறந்துவிட்டவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அப்போதும் அவர் நூறு வட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரர்களின் இரத்தம் தொடர்ந்து எடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். உள்ளூரில் நோய் இல்லை, ஆனால் நுளம்பு இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் இரத்தத்தில் கொண்டுவந்தால் போதும்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் மாதாந்தக் கூட்டமொன்றில் அவர் எழுந்து பேசினார். கதிரை போதாததால் கதவோரம் நின்றவர், இரண்டு அடி முன்னுக்கு வந்தார்.

"டொக்டர், நம்மட படிவத்தில வெளிநாடு போனவரா எண்டு கேக்கம். நம்மட ஆக்கள் ஜமாஅத்துல போறத வெளிநாடு எண்டு சொல்ற இல்ல. ஆபிரிக்காக்கெல்லாம் போய் வாறாங்க. ஜமாஅத்துல போனீங்களா எண்டு வேறயா ஒரு கேள்வி போடணும். பள்ளிகள்ள போய் ஆர் ஆர் போனதெண்டு ஒரு பட்டியலும் எடுத்தா நல்லம்."

அப்போதிருந்த வைத்திய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பர்ஸான்தான் பதில் சொன்னான்.

"இல்லாத மலேரியாவத் தேடிப் பள்ளிக்குள்ளயும் வரப் போறீங்களா காக்கா? ஜமாஅத்துக்காரர் ஒங்களையும் நாப்பது நாளைக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கூட்ட அறிக்கை எழுதியவன் நான். டெங்குப் புகை இயந்திரத்துக்கு எரிபொருள் போதாமை பற்றி ஒரு பந்தி எழுதினேன். இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. சிரித்துத் தள்ளியதை எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை.

நூறு வட்டம் எப்போது ஐம்பதானது, ஐம்பது எப்போது பத்தானது என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது என்று பிறகு சொன்னார். பதினொரு வருடம் ஒவ்வொரு நாளும் "இல்லை" என்று எழுதிய கை, ஒரு கட்டத்தில் கண்ணைக் கேட்காமலே எழுதத் தொடங்கியது. அந்த டிக் சத்தம் கேட்பதில்லை என்பதையும் நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. பின்னறைக்கு யார் போனார்கள் கவனிக்க?

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஆவணியில் மருதமுனையில் ஜுனைட் என்பவருக்குக் காய்ச்சல் வந்தது. முப்பத்தெட்டு வயது, கைத்தறிச் சாரன் வியாபாரி. மொசாம்பிக்கில் நாலு மாதம் ஜமாஅத்தில் இருந்துவிட்டு வந்து பன்னிரண்டு நாள். எங்கள் கள உத்தியோகத்தர் சசிகரன் இரத்தம் எடுக்க அந்த வீட்டுக்குப் போனான். பாண்டிருப்புக்காரன், வேலையில் நேர்த்தியானவன். படிவத்தில் உள்ளபடி ஜுனைட்டின் மனைவி சுஹறாவிடம் கேட்டிருக்கிறான்.

"அக்கா, இவர் கிட்டடியில வெளிநாடு ஏதும் போய் வந்தவரா?"

"வெளிநாடா? வெளிநாடு போயிருந்தா நாங்க ஏன் தம்பி இன்னும் தகரக் கூரைக்குக் கீழ இரிக்கம்?"

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். சசிகரன் "இல்லை" என்ற கட்டத்தில் கோடு போட்டான். ஜமாஅத் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய அறிக்கையில் அது எழுதப்படவில்லை.

அந்தக் கண்ணாடித் துண்டும் படிவமும் பின்னறைக்கு வந்தன. ஹிஷாம் காக்கா படிவத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பெட்டியில் செருகினார். "இல்லை" என்று எழுதினார்.

ஆறாம் நாள் ஜுனைட் நினைவிழந்தார். தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாக வந்த ஒரு பெண் டொக்டர், சுஹறாவிடம் வேறு மாதிரிக் கேட்டாராம்: "இவர் கடைசியா எங்க போய் வந்தார்?" அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வந்தது. ஜுனைட் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, மூன்று கிழமை இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்தார்கள். பழைய உடம்பு திரும்பவில்லை.

செய்தி வந்த காலை ஹிஷாம் காக்கா என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுல கண்ண வெச்சி ஒருக்காப் பாருங்க."

பார்த்தேன். இளஞ்சிவப்பு இரத்த அணுக்களுக்குள் நீல நிறத்தில் மெல்லிய மோதிரங்கள். ஒன்றல்ல, நிறைய.

"ஏழாவது வட்டத்தில வந்திச்சு. ஏழே ஏழு. இப்படி ஒண்டு வந்தா ஊரக் கூட்டிச் சத்தம் போடுவன் எண்டு எத்தின வருசமா நெனச்சிட்டிருந்த."

"அண்டைக்கு நீங்க பாக்கல்லயா காக்கா?"

"இல்ல."

அன்று பின்னேரம் அவரை வைத்திய அதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். வைத்திய அதிகாரி டொக்டர் நிஹ்லா எங்கள் பணிமனைக்கு வந்து எட்டு மாதம். கெட்டவர் இல்லை. மலேரியா அற்ற நாட்டில், தன் பிரதேசத்தில், தன் காலத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று பயந்துபோயிருந்தார். மேலிடம் அறிக்கை கேட்டிருந்தது. அறையில் பர்ஸான் இருந்தான், தட்டச்சு செய்ய நான் இருந்தேன். ஹிஷாம் காக்காவுக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்கள். தேநீரும் வந்தது.

"காக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதிங்க," என்றான் பர்ஸான். "நீங்க நம்மட ஆள். நம்மட ஆள நாம விட்டுக் குடுக்க மாட்டம்."

"நூறு வட்டம் பார்த்தது, ஆரம்பக் கட்டம் என்றபடியால் தெரியவில்லை. அப்படி நடக்கிறதுதானே," என்றார் நிஹ்லா. "வெளிநாடு போகல்ல எண்டு அவங்களே சொல்லி இருக்காங்க. படிவத்தில இருக்கு. அதத்தான் நாம எழுதுறம்."

"அவங்க பொய் சொல்லல்ல டொக்டர்."

"பொய் எண்டு ஆர் எழுதினது? தகவல மறைச்சது எண்டுதான் எழுதுறம்," என்றான் பர்ஸான். "நாளைக்கு ஒங்களுக்கு விசாரணை, சம்பளம் நிப்பாட்டு எண்டு வந்தா, பஸ்லியா ராத்தா எங்களத்தான் ஏசுவா. இத்தின பேர் இருந்து என்னத்தக் கிழிச்ச எண்டு கேப்பா."

ஹிஷாம் காக்கா சிரித்துவிட்டார். அவருடைய மனைவி பஸ்லியா உண்மையில் அப்படித்தான் கேட்பார். தன் வீட்டுக்காரியின் பெயரும் குணமும் இந்தப் பணிமனைக்குத் தெரியும் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். அந்தச் சிரிப்போடு கையெழுத்து வைத்தார்.

பயத்தில் கையெழுத்து வைத்தார் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். நான் ஒரு முழ தூரத்தில் இருந்தேன். பயம் அந்த முகத்தில் இல்லை. முப்பத்தொரு வருடம் அரச சேவையில் இருந்த மனிதருக்கு "நம்மட ஆள்" என்ற சொல் கிடைக்க, ஒரு நோயாளியைப் பொய்யனாக்க வேண்டியிருந்தது. ஒழுங்காக வேலை செய்தபோது அந்தச் சொல்லை ஒருவரும் அவருக்குக் கொடுக்கவில்லை. வேலை செய்யாததை மறைக்கும்போது அள்ளிக் கொடுத்தோம். சுகாதார சேவையின் ஊக்கம், ஒற்றுமை என்று கருத்தரங்கு வைக்கிறார்களே, எங்கள் ஒற்றுமையை நான் கண்ட நாள் அதுதான்.

இல்லை என்று எழுதிய கண்ணாடிகளை மாதக் கடைசியில் கழுவி எடுப்பது வழக்கம். ஜுனைட்டின் கண்ணாடி அந்த வழக்கப்படி கழுவப்பட்டுவிட்டதாக அறிக்கையில் எழுதியிருந்தோம். எழுதியது உண்மையாக வேண்டுமே. பின்பக்கத்துக் குழாயடியில், சவர்க்காரம் போட்டு, ஹிஷாம் காக்கா அதைத் தன் கையால் கழுவினார்.

அடுத்த மாதங்களில் அவர் சந்தோசமாகத்தான் இருந்தார். வட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்பட்டார். மத்தியானச் சோற்றுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். கூட்டங்களில் கதிரை இருந்தது. நூறு வட்டமும் பார்க்கத் தொடங்கினார். சிலவேளை இருநூறு.

ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அறிக்கையின் சாரம் எப்படியோ வெளியே வந்துவிட்டது. ஜுனைட் வெளிநாடு போனதை மறைத்துப் பொய் சொல்லி ஊருக்குள் மலேரியாவைக் கொண்டுவரப் பார்த்தார் என்று முகநூலில் எழுதினார்கள். அவர் வீட்டு ஒழுங்கைக்குள் பிள்ளைகளை விளையாட விடாமல் தாய்மார் மறித்தார்கள். அவரோடு ஜமாஅத்தில் போனவர்களே, பொய் சொன்ன ஆளோடு சேர்த்துத் தங்கள் பெயரும் கெடும் என்று விலகினார்கள்.

மார்கழியில் ஒரு நாள் ஜுனைட்டும் சுஹறாவும் பணிமனைக்கு வந்தார்கள். ஜுனைட் பாதியாகியிருந்தார். நடந்து வந்த களைப்பில் பின்னறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் கடதாசியில் சுற்றிய ஒரு சாரன். நான் ஒரு கோப்புக்காக அங்கே போயிருந்தேன்.

"ஹிஷாம் காக்கா, பொறுத்துக்கங்க," என்றார். "நாங்க ஒழுங்காச் சொல்லாததால ஒங்களுக்கும் கரச்சல் எண்டு கேள்விப்பட்டம். இவக்கு அந்த நேரம் வெளிநாடு எண்டா ஜமாஅத்தும் சேத்தி எண்டு வெளங்கல்ல."

ஹிஷாம் காக்கா கதிரையை விட்டு எழுந்தார்.

"நீங்க ஏன் பொறுக்கக் கேக்கிங்க? நீங்க பொய் சொல்லல்ல. நான்தான் ஒங்கட ரத்தத்தப் பாக்கல்ல."

"பாத்தீங்கதானே. பாத்தும் அதுல தெரியல்ல. பணிமனையால எங்களுக்கு வந்த கடிதத்தில அப்படித்தானே இரிக்கி."

"கடிதம் பொய்."

ஜுனைட் சங்கடப்பட்டுச் சிரித்தார். "உடுங்க காக்கா. எல்லாம் அல்லாட நாட்டம்."

"நாட்டத்தில போடாதிங்க மனே. கண்ணாடி இரிந்திச்சு. வெளிச்சம் இரிந்திச்சு. நானும் இரிந்தன். பாக்கல்ல. அதுல நாட்டம் எங்க வந்த?"

சுஹறா கணவனின் முழங்கையைத் தொட்டார். "வாங்க போவம். அவர்ர மனசும் சரி இல்லப் போல." சாரனை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜுனைட் நாட்டம் என்றதில் எனக்கு அவர்மேல் கோபமில்லை. அவருக்கு வேறு விளக்கம் கொடுக்கப்படவில்லை. கோபம் எங்கள்மேல். ஒரு மனிதன் செய்யாமல் விட்டதையும், ஒரு பணிமனை அவனைச் செய்யாமல் விட வைத்ததையும் நாங்கள் எழுதியிருந்தால், அவர் விதியைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

ஹிஷாம் காக்கா அன்றே டொக்டர் நிஹ்லாவிடம் போனார். வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்றார்.

"கோப்பு மேல போய் முடிஞ்சிட்டு காக்கா. இப்ப மாத்தினா நீங்க மட்டும் இல்ல, நானும், பர்ஸானும், தட்டச்சுச் செஞ்சவரும் எல்லாரும் மாட்டுவம். உங்கட ஆக்கள நீங்களே மாட்டிவிடுவீங்களா?"

அவர் எழுதினார். இரண்டு பக்கம், கையெழுத்தில். இரத்தத்தைப் பார்க்காமல் முடிவு எழுதியது, பிறகு பார்த்தது, கழுவியது எல்லாம். நான் முத்திரை குத்தி, இலக்கமிட்டு, மேலிடத்துக்கு அனுப்பினேன். என் பெயரும் அதில் இருந்தது. தடுக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வாரம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. குறித்த விடயம் ஏற்கெனவே முடிவுறுத்தப்பட்டுள்ளது. உத்தியோகத்தரின் நீண்டகால சேவையையும் தற்போதைய மனநிலையையும் கருத்திற்கொண்டு மேலதிக நடவடிக்கை அவசியமில்லை.

மனநிலை. டொக்டர் நிஹ்லா இடையில் ஒரு குறிப்பு எழுதியிருக்க வேண்டும். அவரைக் காப்பாற்றத்தான் எழுதியிருப்பார்.

வட்ஸ்அப் குழுவிலிருந்து ஹிஷாம் காக்கா தானே விலகினார். சோற்றுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். ஐம்பத்தெட்டில் முன்கூட்டியே ஓய்வுக்கு எழுதினார். பிரியாவிடைக் கூட்டத்துக்கு ரீசேட் போட்டு எல்லோரும் வந்தோம். அவர் வரவில்லை.

அதன் பிறகு அவர் செய்தது ஒன்றுதான். ஜும்ஆ முடிந்து மருதமுனைப் பக்கம் போவார். சாரன் கடைகளில், தேநீர்க் கடைகளில், தெரிந்தவர் தெரியாதவர் என்று பாராமல் சொல்வார். ஜுனைட் பொய் சொல்லல்ல, நான்தான் பாக்கல்ல. ஒரு நாள் நானும் கூடப் போனேன். தேநீர்க் கடை முதலாளி அவர் சொல்வதை முழுதாகக் கேட்டார். பணம் வேண்டாம் என்றார். நாங்கள் இறங்கும்போது பக்கத்து மேசைக்காரரிடம் அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

"பாத்தீங்களா, எப்படி மனிசன். ஜுனைட் சொன்ன பொய்யையும் தன்ட தலையில போட்டுக்கிட்டுத் திரியிறார். இந்தக் காலத்தில ஆர் செய்வான்?"

ஹிஷாம் காக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கி நடந்தார்.

ஊருக்கு இப்போது இரண்டு பேரையும் தெரியும். பொய் சொன்னவர் ஜுனைட். அவருக்காகப் பழி சுமக்கும் நல்ல மனிதர் ஹிஷாம். தன் பிழையை ஹிஷாம் சுமக்கிறார் என்றுதான் ஜுனைட்டும் நம்புகிறார். ஐந்து வேளைத் தொழுகையிலும் ஹிஷாம் காக்காவுக்காக அவர் துஆக் கேட்பதாக சுஹறா ஒரு தரம் பஸ்லியாவிடம் சொல்லியிருக்கிறார். பஸ்லியா அதை வீட்டில் வந்து சொன்னார்.

அன்றிலிருந்து ஹிஷாம் காக்கா மருதமுனைப் பக்கம் போவதில்லை.